உப்பு போட்ட ஐஸ்

ஐப்பசி 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லாமல் சேறு. மல்லிகை வரத்து பாதிதான். நார் வாங்க வேண்டும், தெர்மாகோல் பெட்டியும்.

தம்பி செல்வத்துக்கு ஈரல் கெட்டு, வயிற்றில் மறுபடி நீர். நாளை காலை எடுக்கிறார்கள். எடுத்த கையோடு ஆல்புமின் ஏற்ற வேண்டுமாம், மனித ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்த புரதம். தாமதித்தால் பிரஷர் விழும், கிட்னி படுத்துவிடும்.

"யார் யாரு ரத்தமோ, நோய் ஒட்டாதா சார்?" டாக்டரிடம் கேட்டேன்.

"சூடுபடுத்தி கிருமியக் கொன்னுதான் அடைக்கிறாங்க. அந்தப் பயம் ரொம்பக் கம்மி. வேகமா ஏத்துனா மூச்சு முட்டும், அத நாங்க பாத்துக்கிறோம். வாங்கி ஃபிரிட்ஜ்ல வச்சு, காலையில கொண்டாங்க."

ஆஸ்பத்திரிக் கடையில் இல்லை. வெளியே அலைந்து மூன்று பாட்டில். வீட்டு ஃபிரிட்ஜை நம்ப முடியாது, கரண்ட் போகும். துபாய்க்குப் போகிற பூவே என் பெட்டியில் வாடுவதில்லை. ஐஸ் கொட்டி, கூடுதல் குளிருக்கு இரண்டு கை கல்லுப்பு. நடுவில் பாட்டில்களைப் புதைத்தேன்.

ஐப்பசி 5, புதன்

வெயில். ஆஸ்பத்திரியிலிருந்து போன், மருந்து தயாரா என்று. "கையில இருக்கு, ஆரம்பிங்க" என்றேன். லோடு இறக்கிவிட்டு நான் போவதற்குள் வயிற்றிலிருந்து வாளி நிறைய நீர் எடுத்தாயிற்று.

நர்ஸ் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். கல்.

"யாரு இப்படி வச்சது?"

"நான்தாம்மா. வெயில்ல வச்சா உருகிரும்."

"உருகுனாலும் ஏத்தக் கூடாதுண்ணே. உறைஞ்சா புரதம் கெட்டுரும். பாட்டில்ல கீறல் விட்டிருந்தா கிருமியும் உள்ள போயிரும். மூணும் குப்பைதான்."

செல்வம் சிரிக்கிறான். "என்னண்ணே, என்னையும் துபாய்க்குப் பார்சல் போடுறியா?"

டூவீலரில் எம்புட்டுக் கடை! வேறு பாட்டில் கிடைத்தது சாயங்காலம். அதற்குள் பிரஷர் விழுந்திருந்தது.

ஐப்பசி 7, வெள்ளி

மழை. முகூர்த்த நாள், பூவுக்கு நல்ல விலை. கடை திறக்கவில்லை.

மருந்து ஏறி பிரஷர் கொஞ்சம் நிமிர்ந்தது. கிட்னி நிமிரவில்லை. டாக்டரிடம் நேராகக் கேட்டேன், நான் செய்ததாலா என்று.

"ஈரல் ஏற்கெனவே மோசம். லேட்டானதும் ஒரு காரணம்தான்."

மழுப்பவில்லை. நானும் இங்கே மழுப்பவில்லை.

மத்தியானம் செல்வம் கண் திறந்தான். "கடைய யாருண்ணே பாக்குறா?" ஆள் இருக்கு, நீ தூங்கு என்றேன்.

கட்டிலில் மூத்திரப் பை தொங்குகிறது. காலையிலிருந்து குனிந்து குனிந்து பார்க்கிறேன். ஒரு சொட்டு இல்லை.