பலகையில் பெர்லுக்கு ஒரு வரி

பால்மோரா, ஃப்ளோரிடா
7 செப்டம்பர் 1999, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி ஆர்லினுக்கு,

அக்கா லெனோரா எழுதுகிறேன். ஒரிகன் பக்கம் மழை தொடங்கியிருக்கும். போன அட்டையில் எழுதியிருந்த முதுகுவலி எப்படி இருக்கிறது, மர ஆலையில் இன்னும் அதே வேலைதானா என்றெல்லாம் விரிவாகக் கேட்க ஆசைதான். வருடத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் அட்டையோடு நிறுத்திக்கொண்டவர்கள் அதற்கு மேல் விசாரித்தால் பொய்யாகத் தோன்றும். அதனால் கேட்டதாக வைத்துக்கொள்.

மார்ச் மாதம் அப்பாவின் அடக்கத்துக்கு நீ அனுப்பிய மலர்வளையம் வந்து சேர்ந்தது. நீ வராததைப் பற்றி ஊரில் இரண்டொருவர் பேசினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமலிருப்பது எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. இந்தக் கடிதமே அதைப் பற்றியதுதான்.

நம் மிருகப் பூங்கா இருந்த இடத்தில், பழைய நெடுஞ்சாலை ஓரமாக, வட்டார வரலாற்றுக் கழகம் ஓர் அலுமினியப் பலகை நடப்போகிறது. அதற்கான வாசகத்தை அதன் செயலாளர் திருமதி ஹார்பிசன் எனக்கு அனுப்பியிருக்கிறார். "உங்க குடும்ப விஷயம். நீங்க காலேஜ்ல பாடம் எடுக்கறவங்க வேற. ஒரு தடவ பாத்து சரின்னு சொல்லிட்டீங்கன்னா அச்சுக்குக் குடுத்துடுவோம்" என்று தொலைபேசியில் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதன் கடைசி வரி இது: "பராமரிப்பாளர் ஒருவரின் கவனக்குறைவால் கூண்டிலிருந்து தப்பிய பெர்ல் என்ற கரடி, 1971ஆம் ஆண்டு இந்தச் சாலையில் அடிபட்டு இறந்தது. அத்துடன் பூங்கா மூடப்பட்டது." அன்றைய செய்தித்தாளிலிருந்து எடுத்திருக்கிறார்கள். பெயர் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை. இந்த ஊரில் நாற்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் அந்தப் பராமரிப்பாளர் நீதான் என்று சொல்வார்கள்.

அந்த வரி பொய், ஆர்லின். இருபத்தெட்டு வருடமாக எனக்கு அது தெரியும். இதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் புயல், கூரை, திருத்த வேண்டிய தேர்வுத்தாள் என்று சுற்றிக்கொண்டே போய், கடைசியில் எழுதாமலேயே உறையை ஒட்டிவிடுவேன்.

போன வாரம் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். நுழைவாயிலாக இருந்த சிமெண்ட் முதலையின் மேல்தாடை எப்போதோ விழுந்துவிட்டது. கீழ்த்தாடை மட்டும் ஒரு டயர் கடையின் முன்னால் கிடக்கிறது. பற்களுக்கு நடுவில் கார் நிறுத்துகிறார்கள். பாம்புக் கொட்டகை இருந்த பக்கம் முழுக்க வாடகைக் கிடங்குகள். கடைக்காரரிடம் இங்கே ஒரு மிருகப் பூங்கா இருந்தது என்றேன். "அப்படியா? நான் ஏதோ மீன் ஓட்டல் இடிஞ்சு கெடக்குன்னுல்ல நெனச்சேன்!" என்றார். இருபத்திரண்டு வருடம் அந்த முதலையின் வாய் வழியாக ஆட்கள் உள்ளே போனார்கள் என்று அவரிடம் விளக்க எனக்குத் தெம்பு இல்லை.

வாசகத்தில் வேறு பொய்களும் உண்டு. "நூற்றைம்பது வயது முதலை ஜெனரல்" என்று போட்டிருக்கிறார்கள். ஜெனரல் என்ற பெயரில் நாலு முதலைகள் இருந்தது உனக்கும் எனக்கும் தெரியும். ஒன்று செத்தால் இன்னொன்றைக் குட்டையில் விட்டு அதே பெயரை வைப்பது அந்தச் சாலையில் கடை போட்ட எல்லோரும் செய்ததுதான். அப்பா மட்டும் வருடா வருடம் மறக்காமல் வயதில் ஒன்றைக் கூட்டினார். அதை நான் திருத்தவில்லை. அந்தப் பொய் யாரையும் ஊரை விட்டு அனுப்பவில்லை.

இனி நடந்தது.

மேற்கே ஆறு மைல் தள்ளி விரைவுச்சாலை திறந்தபின் நம் பக்கம் கார் வருவது எப்படி நின்றது என்று நீயே பார்த்தாய். நீ மஞ்சள் பலகைகளில் அழகாக எழுதி நாற்பது மைல் தூரம் நட்டு வைத்த அறிவிப்புகளைப் படிக்க ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் கதவையே திறப்பதில்லை என்றாயிற்று. 71 ஜூனில், நான் பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்தபோது, தெற்கிலிருந்து ஒருவன் வந்து பெர்லை விலைக்குக் கேட்டான். வேலி போட்ட நிலத்துக்குள் மிருகங்களை விட்டு, வருகிறவர்களைச் சுட வைப்பது அவன் தொழில். அப்பா அவனை விரட்டிவிட்டார். அடுத்து வருகிறவனை விரட்டும் நிலையில் இருப்போமா என்று அவருக்குச் சந்தேகம் இருந்தது.

நான்தான் வழி சொன்னேன். அவள் இந்தப் பக்கத்துக் கருங்கரடி. இருபத்திரண்டு மைலில் தேசியக் காடு இருக்கிறது. கொண்டுபோய் விட்டால் இயல்பூக்கம் தானாக விழித்துக்கொள்ளும் என்றேன். அந்தச் சொல்லை அந்த வருடம்தான் பாடப்புத்தகத்தில் அடிக்கோடிட்டிருந்தேன். அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர். "நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்றார். பன்னிரண்டு வருடம் அவளைக் கையால் வளர்த்தவர், மூன்று வருடம் புத்தகம் புரட்டிய என்னை நம்பினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மீன்தலை வாங்கி வர உன்னைக் கடற்கரைக்கு அனுப்பிவிட்டுப் பெர்லை டிரக்கில் ஏற்றினோம். "பையன் கிட்ட நானே பக்குவமா சொல்லிக்கறேன். இப்ப இருந்தா அழுது ஆர்ப்பாட்டம் பண்ணிடுவான்" என்றார் அப்பா. காட்டில் இறக்கியதும் அவள் கொஞ்சம் புல்லை முகர்ந்தாள். பிறகு டிரக்கின் பின்கதவுப் பக்கம் வந்து, பூங்காவுக்கு வருகிறவர்கள் தரும் ஆரஞ்சு சோடாவுக்கு உட்காருவாளே, அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். அப்பா என் முகத்தைப் பார்த்தார். "போயிடுவாப்பா, கொஞ்ச நேரம் ஆகும்" என்றேன்.

திரும்பி வந்தபோது எங்களுக்கு முன்பே நீ வந்திருந்தாய். காலிக் கூண்டின் முன்னால் நின்றாய். அப்பா வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "அப்பா, காலையில கொக்கிய நான்தான் சரியா மாட்டல போல. அவ போயிட்டாப்பா." அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். யாராவது ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன்மேல் பழி போட வேண்டும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. நீயாக எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாய். நாங்கள் இறக்கி வைக்கவில்லை, அவ்வளவுதான். இந்த "அவ்வளவுதான்" என்பதை எத்தனையோ வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அனுமதி இல்லாமல் வளர்ப்பு மிருகத்தைக் காட்டில் விட்டது தெரிந்தால் உரிமத்தைப் பறித்து, மிச்சமிருப்பவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அப்பா பயந்தார். தப்பித்துப் போனது என்றால் யாரும் தோண்ட மாட்டார்கள். "ரெண்டு நாள் போகட்டும். அப்புறம் அவன்கிட்ட மட்டும் சொல்லிடலாம்" என்றார். அந்த இரண்டு நாளுக்குள் நீ சதுப்பு ஓரமெல்லாம் தேட ஆரம்பித்திருந்தாய். ஒரு பெட்டி ஆரஞ்சு சோடாவைத் தூக்கிக்கொண்டு, நின்ற இடத்திலெல்லாம் ஒரு பாட்டிலைத் திறந்து, அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்குமா என்று காத்திருந்தாய். ஐந்தாவது நாள் உனக்குக் குரலே இல்லை. அன்று நானும் உன்னோடு வந்தேன். அவள் இருக்கவே முடியாது என்று தெரிந்த இடத்தில் நின்று, நானும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கேவலமானது எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். யாரும் கேட்டதில்லை.

ஒன்பதாவது நாள் காலையில் அவள் எங்கே கிடைத்தாள் என்று உனக்குத் தெரியும். "இன்னும் ஒரே மைல்! பெர்ல் உங்களுக்காகக் காத்திருக்கிறாள்!" என்று நீ எழுதிய பலகைக்குக் கீழே. அவள்மேல் மோதிய மர லாரியை ஓட்டியவர் அப்பாவிடம் சொன்னது உன் காதில் விழவில்லை. நீ அப்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். "ரோட்டோரமா மனுஷன் மாதிரி உக்காந்து கைய நீட்டிக்கிட்டிருந்துச்சுங்க. ஹார்ன் அடிச்சேன். அது ஓடலீங்க. என்னையப் பாத்து எழுந்து வந்துச்சு" என்றார். இருபத்திரண்டு மைல் அவள் காட்டைத் தேடி நடக்கவில்லை. சாலையைத் தேடி நடந்திருக்கிறாள். கார் வந்தால் சோடா வரும் என்று நாம்தான் கற்றுக்கொடுத்தோம். சரளைக்கல்மேல் டயர் ஏறினாலே, கார்க் கதவு திறக்கும் முன்பே எழுந்து நிற்பாளே. அதை நான் சிறுவயதிலிருந்து தினமும் பார்த்தவள். பார்த்ததை விட்டுவிட்டுப் படித்ததை நம்பினேன்.

இப்போது ஒவ்வொரு ஆண்டும் இதே பாடத்தை மாணவர்களுக்கு நடத்துகிறேன். மனிதரிடம் பழகிய மிருகத்தைக் காட்டில் விடக்கூடாது என்பதற்கு வேறு உதாரணங்கள் சொல்வேன். நம் உதாரணத்தைச் சொன்னதில்லை.

அந்த வருடம் அக்டோபரில் நீ ஊரை விட்டுப் பேருந்து ஏறினாய். அப்பா உனக்கு மூன்று முறை கடிதம் எழுதத் தொடங்கியதாகக் கடைசி நாட்களில் சொன்னார். வீட்டில் ஒரு தாள்கூடக் கிடைக்கவில்லை. நம்புவதா என்று எனக்குத் தெரியவில்லை, உன்னை நம்பச் சொல்லவும் மாட்டேன். கிடைத்தது அந்த ஒரு மைல் பலகை. கார் கொட்டகையில், தண்ணீர் சூடாக்கும் தொட்டிக்குப் பின்னால், சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். வெயில் படாததால் உன் எழுத்து அப்படியே இருக்கிறது.

இந்த விஷயம் அப்பாவோடு போயிற்று, இனி நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். பூங்கா தொடங்கிய மாதத்தைக் கேட்டுக்கொள்ள, டிக்கெட் ஜன்னலில் இருந்த ஒடெஸாவை முதியோர் இல்லத்தில் போய்ப் பார்த்தேன். எண்பத்தாறு வயது. காது மட்டும் கொஞ்சம் மந்தம். நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வேறெதையோ ஆரம்பித்தாள். "அந்தச் செவ்வாக்கெழம நான் காலி பாட்டில அடுக்க வந்திருந்தேன்டி. நீயும் உங்கப்பனும் அவள வண்டியில ஏத்தினத ஜன்னல் வழியாப் பாத்தேன். நான் உங்கப்பன்கிட்ட கூலி வாங்கறவ, எனக்கு எதுக்கு வம்பு? நீ வாயத் தொறப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பட்டம் வாங்கினே. உத்தியோகத்துக்குப் போனே. கல்யாணம் கட்டினே, அதையும் முறிச்சுக்கிட்டே. இது ஒண்ணத்தான் பண்ணலே." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "சரி சரி, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதே. அந்தப் புட்டிங் கிண்ணத்த இப்படித் தள்ளு" என்றாள்.

அன்று மாலையே வரியை மாற்றி எழுதினேன். இப்போது இப்படி இருக்கிறது: "பூங்கா உரிமையாளர் ஹாய்ட் ஸ்டப்ஸும் அவர் மகள் லெனோராவும் காட்டில் கொண்டுபோய் விட்ட பெர்ல் என்ற கரடி, ஒன்பதாம் நாள் இந்தச் சாலைக்குத் திரும்பி வந்து அடிபட்டு இறந்தது. அதைப் பராமரித்தவர்மீது எந்தத் தவறும் இல்லை."

திருமதி ஹார்பிசனுக்கு இது பிடிக்கவில்லை. "ஏங்க, குழந்தை குட்டியோட வண்டிய நிறுத்திப் படிப்பாங்க. இவ்ளோ சோகமா வேணுமா? அதுவும் உங்க பேரப் போட்டு?" என்றார். பிறகு, வார்த்தைகள் கூடிவிட்டன, பலகையில் இடம் இல்லை என்றார். வாசகத்தில் போட்டிருக்கும் இரட்டைத் தலை ஆமையை எடுத்துவிடுங்கள், அதுவும் உண்மையில்லை என்றேன். "அந்த ஆமைய நான் சின்னப் புள்ளையில பாத்திருக்கேனே" என்றார் பாவம். அவரிடமிருந்து அதைப் பிடுங்கியதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் ஒப்புக்கொண்டார்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது வெள்ளிக்கிழமை போயிருக்கும். உன்னைக் கேட்டுத்தான் செய்திருக்க வேண்டும். கேட்டால், செத்தவரை ஏன் இழுக்கிறாய், விட்டுவிடு அக்கா என்பாய். நானும் நிம்மதியாக விட்டுவிடுவேன். அதனால் கேட்கவில்லை.

பலகையை அக்டோபர் பதினாறாம் தேதி நடுகிறார்கள். வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்டால் உன் தலையில் இன்னொரு வேலையை ஏற்றுவதாக ஆகும். நீ இனிமேல் எதையும் தூக்க வேண்டாம். முதுகைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. உன் மனதுக்கு ஒரு குறையும் வராமல் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும். நான் அவரிடம் அடிக்கடி எதுவும் கேட்கிறவள் இல்லை, இதைக் கேட்கிறேன்.

என்றாவது இந்தப் பக்கம் வந்தால் விரைவுச்சாலையில் வராதே, பழைய சாலையில் வா. வீட்டுக்கு முன்னால் சிமெண்ட் போடச் சொல்லிப் பலரும் சொல்லிவிட்டார்கள். நான் இன்னும் சரளைக்கல்தான் வைத்திருக்கிறேன். எந்த அறையில் இருந்தாலும், ஒரு வண்டி ஏறினால் எனக்குக் கேட்கும்.

உன் அக்கா,
லெனோரா