அப்பா கேட்கிற பெரிய மானிட்டர்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் என் நினைப்பு. இங்கே எல்லாரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதத்தான் கை போகிறது, இந்த முறை அப்படி எழுத முடியவில்லை. போனில் சொல்லலாம் என்றால் வீட்டிலும் பட்டறையிலும் நான் எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் அப்பா காதில் விழுந்துவிடுகிறது. அதனால் பட்டறை மாடிப்படியில் உட்கார்ந்து இதை எழுதி, படம் எடுத்து அனுப்புகிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் அவரோடு பேசு.

புதுக் கம்ப்யூட்டரும் பெரிய மானிட்டரும் வேண்டும், எது நல்லது என்று பார்த்துச் சொல் என்று அப்பா உன்னைத் தினமும் நச்சரிக்கிறார் அல்லவா. பழைய மானிட்டர் கெட்டுவிட்டது என்று மட்டும்தான் சொல்லியிருப்பார். நடந்தது அவ்வளவு இல்லை. பம்புக்குள் தண்ணீர் கசியாமல் வைக்கிற கேஸ்கெட்டின் படம் கம்பெனியிலிருந்து மெயிலில் வரும், அதை அசல் அளவுக்குத் திரையில் பெரிதாக்கி, மேலே கண்ணாடித்தாளை ஒட்டி அப்பா கோடு இழுப்பார், அந்தக் கோட்டின்படி ரப்பர் ஷீட்டை வெட்டுவார்கள். எல்லாம் நீ அமைத்துக் கொடுத்த ஏற்பாடுதான். எவ்வளவு பெரிதாக்கினால் அசல் அளவு வரும் என்ற எண்ணைக்கூட ஒரு காகிதத் துண்டில் எழுதி, மாத்தாதீங்கப்பா என்று மானிட்டரின் கீழ் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போனாய். அந்த மானிட்டர் போன மாதம் கறுத்துப்போனது. கம்ப்யூட்டர் கடையில் தற்காலிகமாக ஒன்று கொடுத்தார்கள், பழையதைவிட அரை விரல் அகலம் குறைவு. உன் அப்பா அந்தக் காகிதத் துண்டைக் கிழியாமல் பிய்த்தெடுத்து இதில் ஒட்டி, அதே எண்ணை வைத்து வேலையை ஆரம்பித்துவிட்டார். நீ எழுதின எண் என்றால் அவருக்கு மறுபேச்சு கிடையாது. திரை சிறுத்தால் படமும் சிறுக்குமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

மொத்தச் சரக்கும் போய்ச் சேர்ந்த பிறகு பம்ப் கம்பெனி இன்ஜினியர் பெட்டிகளோடு நேரில் வந்தார். கூடவே ஒரு பம்பின் மூடியையும் கொண்டுவந்திருந்தார். அதன்மேல் கேஸ்கெட்டை வைத்துக் காட்டினார், ஒரு போல்ட் துளைகூட நேராக விழவில்லை. "ஏண்ணே, இது எங்க பம்புக்கா, இல்ல அது பெத்த குட்டிக்கா" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். திட்டியிருந்தால்கூட உன் அப்பாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது. இந்த மாதக் கடைசிக்குள் திரும்ப வெட்டித் தர வேண்டும், அதுவும் தப்பினால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கம்பெனி போனால் பட்டறையில் வேறு என்ன வேலை இருக்கிறது, நீயே சொல்லு.

அன்று சாயங்காலம் வெட்டுகிறவரைத் தனியாகக் கேட்டேன், நாம் நிதானம் என்று கூப்பிடுகிறோமே அவரைத்தான். கோடு இழுத்ததும் ஸ்கேலை வைத்து, படத்தில் எழுதியிருக்கிற அளவோடு ஒத்துப் பார்க்காமல் கத்தியைத் தொடக்கூடாது என்பது அப்பாவே போட்ட சட்டம். அதை ஏன் விட்டீர்கள் என்றேன். "நான் கேட்டேங்க்கா, அண்ணன்தான் நம்பரெல்லாம் பாத்துட்டேன், நீ வெட்டுன்னாரு. அவரு பாத்தத நான் மறுபடி பாத்தா சும்மா இருப்பாரா, என்னை மேல கீழ பாப்பாரு" என்றார். அப்பா பார்க்காமல் பார்த்தேன் என்று சொல்கிற ஆள் இல்லை. எனக்கு அது மனசில் முள்ளாக இருந்தது.

நேற்று இரண்டு பேரும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். அங்கிருந்த பெண் பெரிய மானிட்டராக ஒன்றைக் காட்டி, முப்பத்திரண்டு இன்ச், புள்ளி ரொம்ப நெருக்கம், முடி மாதிரி கோடுகூடத் தெளிவா தெரியும் சார் என்றாள். அப்பா சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்துத் திரைமேல் வைக்கப் போனார். "கீறல் விழுந்தா நீங்கதான் வாங்கியாகணும் சார்" என்றாள் அவள். அவர் ஸ்கேலைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டு, நடுவுல கறை இருக்கு, தொடச்சுக் காட்டும்மா என்றார். துடைத்தாள். இன்னும் போகவில்லை என்றார். பக்கத்து மானிட்டருக்குப் போனோம், அதிலும் நடுவில் கறை என்றார். மூன்றாவதற்கும் அதையே சொல்லி, "என்னம்மா கடை நடத்துறீங்க, வெக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணையாவது தொடைக்கக் கூடாதா" என்று சலித்துக்கொண்டார். அவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் மானிட்டரைப் பார்த்தேன். மூன்றும் பளிச்சென்று இருந்தன.

கொஞ்ச நாளாக என்னோடு பேசும்போது முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்துத்தான் பேசுகிறார். என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து நானும் முறுக்கிக்கொண்டிருந்தேன். கோபமில்லை அம்மாடி, நேராகப் பார்த்தால் அவருக்கு என் முகம் தெரிவதில்லை, ஸ்கேலில் இருக்கிற எண்ணும் அப்படித்தான் தெரியாமல் போயிருக்கிறது. திரும்பி வரும் வழியில், கண் சரியாகத் தெரியவில்லையா என்று கேட்டேன். "பெரிய மானிட்டர் வந்தா எல்லாம் சரியாயிடும், மககிட்ட மட்டும் வாயத் தொறக்காத" என்றார். கண் டாக்டரிடம் போகலாம் என்றால் ஆர்டர் முடியட்டும் என்கிறார். இன்று காலை நான் மட்டும் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தேன். ஆளைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது, ஆனால் நடுப்பார்வை மறைகிறது என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், போன பார்வை திரும்புவது கஷ்டம், மிச்சம் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. அதைச் சொன்னேன், கெஞ்சினேன், சாப்பிடாமலும் இருந்து பார்த்தேன். தட்டை என் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். என் கையில் இனி ஒன்றும் இல்லை.

கம்ப்யூட்டர் விஷயத்தில் அவர் உன் பேச்சை மட்டும்தான் கேட்பார். நீ இதுதான் நல்லது என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அன்றைக்கே வாங்கிவிடுவார், வாங்கிவிட்டால் டாக்டரிடம் போகவே மாட்டார், அதிலும் கறை தெரிந்தால் அதைவிடப் பெரியது கேட்பார். அதனால் இப்படிச் சொல்லு: திரையில் புள்ளி நெருங்க நெருங்க எழுத்து பொடியாகிவிடும், எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கண் டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் எத்தனை இன்ச் என்று முடிவு செய்ய முடியும், அந்தச் சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கப்பா என்று சொல்லு. இதில் பொய் ஒன்றும் இல்லை என்றுதான் நினைக்கிறேன், பொய்யாக இருந்தாலும் சொல்லு. அளவு ஒத்துப் பார்க்கிற வேலையை நானும் நிதானமும் இப்போதே எடுத்துக்கொண்டோம், அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

குட்டிக்குச் சளி விட்டதா, வெந்நீரே கொடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லு. நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். நாளைக் காலை அவர் பட்டறையைத் திறந்ததும் கூப்பிடு. குரல் உடையக் கூடாது, உடைந்தால் நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்துவிடும். எடுத்ததும் எந்த மானிட்டர்மா என்றுதான் கேட்பார். ஆசையாகக் கேட்பார், உனக்கு மனசு இளகும். டாக்டர் சீட்டு வருகிற வரைக்கும் எந்த மானிட்டரின் பெயரையும் சொல்லிவிடாதே.

உன்னையே நம்பியிருக்கும்
அம்மா