இரண்டு பக்கமும் சிங்கம்

மே 4, திங்கள்

கத்திரி இன்று தொடக்கம். கடை ஷட்டரில் கை வைக்க முடியவில்லை. காதுகுத்துக்கு அறுபது எவர்சில்வர் தட்டு, எல்லாவற்றிலும் பெயர் வெட்ட வேண்டும். பாதிதான் ஆனது. மிஷின் அதிர்வில் மணிக்கட்டு வலி.

இந்த மாதம் முழுக்க யாரையும் ஏசுவதில்லை என்று ஜினாலயத்தில் சொல்லிவிட்டு வந்திருந்தேன். நாலாம் நாளே போயிற்று. நான் காசு பார்த்து அசலா போலியா சொல்வேன் என்று கேள்விப்பட்டு அவலூர்பேட்டையிலிருந்து ஒருவன், பத்து ரூபாய்க் காசோடு. நடு வில்லை கோணலாம், நாணயச்சாலைப் பிழையாம், லட்சம் போகுமாம், வீடியோவில் பார்த்தானாம். வில்லையின் ஓரத்தில் சுத்தியல் அடி பளபளவென்று தெரிகிறது. தட்டிக் கழற்றித் திருப்பிப் போட்டிருக்கிறான். சொன்னேன். "பாத்திரம் விக்கிறவளுக்கு இன்னா தெரியும்" என்றான். அப்புறம் நான் சொன்னதை இங்கே எழுதினால் தாள் கருகும். இவர் உள்ளேயிருந்து, விரதம் என்றார். இவரையும் சேர்த்து ஏசினேன்.

எத்தனை முறை சொல்வது. அச்சடிக்கும்போதே தப்பாக விழுந்த காசு வேறு, வெளியே வந்தபின் எவனோ தப்பாக்கிய காசு வேறு. முதலாவதில் யார் குற்றமும் இல்லை. இரண்டாவதில் ஒரு கை இருக்கிறது, அந்தக் கைக்கு ஒரு எண்ணம் இருக்கிறது.

வாங்க வேண்டியது: இவருக்கு பி.பி. மாத்திரை. ஸ்பிரிட், பஞ்சு.

மே 5, செவ்வாய்

சிங்கவரத்தில் வெட்டு. நம் வீட்டுக்குப் பால் ஊற்றுகிற செல்வியின் புருஷன் கோதண்டத்துக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. வெட்டியது கூடப்பிறந்த அண்ணன் ஏழுமலை. கொடுவாள். இறந்துபோன அப்பாவின் பச்சை பெல்ட்டில் ஒரு காசு கிடைத்திருக்கிறது, அதற்காக.

மதியம் ஷட்டரைப் பாதி இறக்கும்போது செல்வியே வந்து நின்றாள். புடவையில் இன்னும் கறை. பால் கவர் ஒன்றை நீட்டினாள். உள்ளே அந்தக் காசு. பழைய பெரிய ஒரு ரூபாய், கனமானது. இரண்டு பக்கமும் சிங்கத் தலை. எங்கும் காய்ந்த ரத்தம். இழுபறியில் கோதண்டம் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தானாம். விரல் விழுந்த பிறகும் விடவில்லையாம்.

ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு முழுக்கச் சிவப்பு. எல்லாம் போயிற்று. ஒரு பக்கம் மட்டும், விளிம்பை ஒட்டி உள்ளே, தலைமுடி அளவுக்கு ஒரு வட்டக்கோடு போகவில்லை. மறுபடி துடைத்தேன், போகவில்லை. லென்ஸில் பார்த்தேன். ரத்தம் உள்ளே இறங்கியிருக்கிறது.

அச்சில் விழுந்த காசில் ரத்தம் இறங்க இடமே கிடையாது. இது இணைப்பு. எவனோ ஒரு காசை லேத்தில் குடைந்து கிண்ணமாக்கி, இன்னொன்றின் சிங்கப் பக்கத்தைச் சீவி அதற்குள் அழுத்தியிருக்கிறான். கல்லில் போட்டேன், கிணீர் என்று வரவில்லை, டொக்கென்றது. திருவிழாக் கூட்டத்தில் பந்தயம் சுண்டுகிறவன் வைத்திருக்கும் ஏமாற்றுக் காசு. டீ கூட வராது.

சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதக்கா. அண்ணன கொன்னுபுடுவாரு."

ஏன் என்றேன். அப்போதுதான் முழுக்கதையும் வந்தது. பையன்களுக்குள் எந்தத் தகராறு என்றாலும் மாமனார் இடுப்பு பெல்ட்டிலிருந்து இந்தக் காசைத்தான் எடுத்துச் சுண்டுவாராம். பெரியவன் தலை, சின்னவன் பூ. அது அவர் வைத்த சட்டம். சுண்டுவார், உள்ளங்கையில் பிடித்துக் காட்டுவார், உடனே பெல்ட்டுக்குள் போட்டுவிடுவார். நிலம் பிரித்ததும் இப்படித்தான். கிணற்றுப் பக்கம் ஏழுமலைக்கு. மேட்டுக் கொல்லை கோதண்டத்துக்கு. ஆறு வருஷமாக மேட்டில் மல்லாட்டைச் செடி தண்ணீரில்லாமல் காய்கிறது.

இரண்டு பக்கமும் சிங்கம் என்று காசு கிடைத்த அன்றே தெரிந்துவிட்டதே, அப்போது கோதண்டம் என்ன சொன்னான் என்று கேட்டேன். மெஷின் தப்பு, நைனாவுக்கே தெரிஞ்சிருக்காது, பாவம் என்றானாம். வீடியோவில் வருகிற காசு என்றுதான் இரண்டு பேருக்கும் வெறி.

"ஆஸ்பத்திரில கையவே தீவனம் வெட்டுற மெஷின்ல பூட்சுன்னுதான் சொல்லிக்கிறோம். காசையும் மெஷின் தப்புன்னே சொல்லிடுக்கா."

பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். காசு என்னிடம்.

மே 7, வியாழன்

காலையில் கரண்ட் இல்லை. தட்டு வேலை அப்படியே.

பொய்யாமை ஒரு விரதம். கொல்லாமை ஒரு விரதம். இரண்டையும் ஒன்றாகக் கடைப்பிடிக்க முடியாத நாள் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள், நான் கேட்டிருக்க மாட்டேன்.

திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி, எங்கெங்கிருந்தோ காசு அனுப்பிக் கேட்கிறார்கள். நான் சரி என்றால் சரி. கழுத்தில் கத்தி வைத்தாலும் காசு விஷயத்தில் பொய் சொன்னதில்லை. எனக்கு இருக்கிற ஒரே பெருமை அதுதான். பாத்திரக் கடை இவருடையது.

அந்தக் கிழவன் மேல்தான் ஆத்திரம். பெற்ற பிள்ளைக்கு ஏமாற்றுக் காசு. செத்துவிட்டான், இல்லாவிட்டால் கரண்டியால் அடித்திருப்பேன். எழுதியாயிற்று, இருக்கட்டும்.

இவர் சொல்வது: எங்கேயாவது தொலைந்துவிட்டது என்று சொல். நல்ல யோசனை. இருக்கிற எட்டு விரலும் போகும்.

மே 9, சனி

நாளைக்கு இரண்டு பேரும் வருகிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் பேசி வைத்திருக்கிறார்களாம், நான் சொல்வதைக் கேட்டுப் பங்கு போடுவதென்று. பங்கு.

சொல்லப்போவது: நாணயச்சாலைப் பிழைதான். ஆனால் கீறல், அடி, கறை. எவனும் வாங்கமாட்டான். அப்படிச் சொன்னால் அப்பாவும் தப்பினார், காசுக்கும் சண்டை இல்லை. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். முகம் காட்டிக்கொடுக்கிறது.

வெயில் சாய்வதற்குள் சாப்பிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். பாதியில் எழுந்துவிட்டேன்.

மே 11, திங்கள்

ஏழுமலை உயிரோடு இருக்கிறான். முதலில் அதை எழுதிவிடுகிறேன். புதுச்சேரி ஆஸ்பத்திரியில். மண்டையில் எலும்பு உடைவு, நினைவு இன்னும் வரவில்லை. பரணிலிருந்து எடைக்கல் தவறி விழுந்தது என்று செல்வி எழுதிக்கொடுத்தாள். போலீஸார் என்னையும் கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

நேற்று நடந்தது.

பத்து மணி சுமாருக்கு வந்தார்கள். கோதண்டம் கையில் பெரிய கட்டு, அதில் மஞ்சளாக ஊறியிருந்தது. ஏழுமலை வாசலிலேயே நின்றான், தம்பி முகத்தைப் பார்க்கவில்லை. செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒப்பித்தேன். பிழைக் காசுதான், அச்சடிக்கும்போதே அப்படி விழுந்தது, நல்ல காசு, ஆனால் விலை போகாது. தடுமாறாமல் வந்தது. எனக்கே ஆச்சரியம்.

கோதண்டம் தலையாட்டினான். அவன் சமாதானமாகிவிட்டான், பார்த்தேன். முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

ஏழுமலைதான் உடைந்தான். "இதுக்காடா உன் வெரல எடுத்தேன்" என்றான். அடுக்கியிருந்த குண்டான்களை எட்டி உதைத்தான், கடை முழுக்க உருண்டன. பழைய பித்தளை நிறுக்கிற இரண்டு கிலோ இரும்புக் கல்லை எடுத்தான், காசை வாசல்படியில் வைத்து ஓங்கிப் போட்டான். தன் கையையே நசுக்குகிறவன் மாதிரி ஒரு வெறி.

காசு இரண்டாகப் பிரிந்து விழுந்தது. ஒரு கிண்ணம், ஒரு வில்லை. உள்பக்கம் லேத் வரிகள், சுற்றி வரத் தம்பியின் ரத்தம்.

கோதண்டம் இடது கையால் இரண்டையும் பொறுக்கினான். ஒன்றுக்குள் ஒன்றை வைத்தான், எடுத்தான், வைத்தான். ரொம்ப நேரம். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னான்.

"நைனா சுண்டி நான் ஒரு தபாகூட கெலிச்சதில்ல."

ஏழுமலைக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது, அந்த முகத்தைப் பார்த்தால் அதுகூடவா எனக்குத் தெரியாது. அழுதான். நைனா பண்ண பாவம், தோ இப்பவே திரும்பச் சுண்டலாம், இந்தத் தபா நீ தலைய எடுத்துக்கோ, கெலிச்சா கெணத்துப் பக்கம் உன்னுது என்றான். மனதார. காசு என்னிடம்தான் கேட்டார்கள்.

கல்லாவிலிருந்து ஒரு ரூபாய் எடுத்தேன். லென்ஸில் பார்த்தேன். இரண்டு பக்கமும் காட்டினேன். கல்லில் போட்டேன், கிணீர் என்றது. நானே சுண்டினேன், கீழே விழவிட்டேன், தொடவில்லை.

பூ.

சின்ன வயதிலிருந்து கோதண்டத்துக்கு என்று இருந்த பூ. அது அவனுக்கு ஆகாமல் போன நாளில் விழுந்தது.

செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். கோதண்டம் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து என்னைக் கேட்டான்.

"இது நல்ல காசாக்கா?"

நல்ல காசுதான் என்றேன்.

"அதையும் அப்டித்தான் சொன்ன."

இத்தனை வருஷம் நான் சரி என்றால் சரி. பொய் சொல்லிக் கால் மணி நேரம் ஆகவில்லை, என் சொல் அந்தக் கடையில் செல்லாமல் போய்விட்டது.

இடது கையால் எடைக்கல்லைத் தூக்கினான். ரூபாய் மேல் போட்டான். காசு துள்ளி விழுந்தது, பிரியவில்லை. இழுத்து வைத்துத் திரும்பப் போட்டான். வளைந்தது, பிரியவில்லை. கட்டு அவிழ்ந்து ரத்தம் படியெல்லாம். நான் கத்தினேன், அது நல்ல காசுடா, பிரியாதுடா, எத்தனை அடித்தாலும் பிரியாது. அவன் காதில் விழவில்லை. ஏழுமலை பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, தம்பியின் வெட்டுப்பட்ட கையைத் தன் துண்டால் சுற்றப்போனான். போதும்டா என்றான்.

அடுத்த அடி காசின் மேல் விழவில்லை.