பாட்டுக்குள்ளே உங்கள் இரண்டு தட்டு

என் பொன்னான செல்லப்பன் அண்ணனுக்கு, காது நிறைய உங்கள் மாண்டலினோடு தங்கம் எழுதுவது.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. நீங்கள் சொன்னது அத்தனையும் நிஜம். அந்த இந்திப் பாட்டில், ஆற்றங்கரையில் ஒருத்தி காத்திருக்கிற பாட்டில், மாண்டலின் வாசித்தது நீங்கள்தான். இப்போது அது எனக்குத் தெரியும், பாறசாலைக்குத் தெரியும், பம்பாய்க்கும் தெரியும்.

சிரிக்காதீர்கள். நீங்கள் கண் மூடி ஆறு வருஷம் கழித்து இதைச் சொல்ல வந்திருக்கிறேனே என்று எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது.

கூட இருந்து படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இருபது வயதில் மாண்டலினோடு பம்பாய்க்கு ரயில் ஏறினீர்கள். சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்தீர்கள். அப்பா படுத்த படுக்கையானதும் திரும்பி வந்து, பாறசாலையில் ரேடியோ பழுதுபார்க்கிற கடை போட்டீர்கள். நீங்கள் கொண்டுவந்த இசைத்தட்டில் பாடியவர் பெயர் உண்டு, இசையமைத்தவர் பெயர் உண்டு. வாசித்தவர் ஒருவர் பெயரும் கிடையாது.

அதுதான் வினையாகப் போயிற்று. கடைக்கு வருகிறவன் போகிறவன் எல்லாம், "செல்லப்பண்ணா, ஒரு பம்பாய் வெடி பொட்டிக்கூ, கேக்கட்டே" என்பான். வெடி என்றால் எங்கள் ஊரில் பெரும்புளுகு. உங்களுக்குக் கோபமே வராது. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொல்வீர்கள்.

"அதுல நான் உண்டு மக்கா. ரெண்டாவது சரணம் முடியுத எடத்துல மரத்துல ரெண்டு தட்டு கேக்கும். அது எனக்க தட்டாக்கும்."

அந்தத் தட்டு நம்முடைய பஜனை மடத்துப் பழக்கம். பாகவதர் கண்ணை மூடினால் சரணத்திலேயே சுற்றிக்கொண்டு கிடப்பார், பிரசாதம் ஆறிப்போகும். பக்கத்தில் இருப்பவர் வாத்தியத்தின் மரத்தில் 'டக் டக்' என்று விரலால் தட்டுவார். போதும், பல்லவிக்கு வாரும் என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்தே அது உங்கள் வேலை. பம்பாயில் எல்லாரும் ஒன்றாக இருந்து வாசித்துப் பதிவு செய்யும்போது, பாடகி கண்ணை மூடி உருகிவிட்டாராம். உங்கள் விரலுக்கு அது பஜனை மடம் என்று தோன்றிவிட்டது! யாருக்கு வரும் இப்படி ஒரு தப்பு? காலையிலிருந்து பல தடவை பிசகிப்போன பாட்டு அப்போதுதான் சரியாக அமைந்ததாம். இசையமைப்பாளர் உங்களை முறைத்துவிட்டு அந்தப் பதிவையே வைத்துக்கொண்டாராம்.

ஆனால் நம் வீட்டு இசைத்தட்டு தேய்ந்து கரகரவென்று இரைந்தது. எத்தனை தடவை காதை வைத்துக் கேட்டிருப்பேன்? ஒரு தட்டும் கேட்கவில்லை.

பிறகு என் மகளின் நிச்சயதார்த்தம். காஞ்சிரங்குளத்தில் மாப்பிள்ளை வீட்டு முன்னறை. நீங்கள் பேச்சுவாக்கில் பம்பாயைத் தொட்டீர்கள். சம்பந்தி, "அப்போ படத்துல உங்க பேரு எங்கயாக்கும் போட்டிருக்கு?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் இப்படி ஆகிறதே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அண்ணா, போதும். நாணக்கேடா இருக்கு. இந்த வெடிய இனி நிறுத்துங்க" என்றேன். அத்தனை பேர் முன்னால்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "செரி மக்கா. இனி சொல்லல்ல" என்றீர்கள். மறுநாள் மாண்டலினைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்தீர்கள். கண் மூடும்வரை பம்பாய் என்ற சொல்லே உங்கள் வாயில் வரவில்லை. அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை, அண்ணா.

இனி சேதி. நாக்பூரில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், பழைய இந்திப் பாட்டுகளின் இரைச்சலை நீக்கி இணையத்தில் போடுகிறார். பாடியவர்களை உலகம் அறியும், வாசித்தவர்களைத் தேடுகிறேன் என்கிறார். எனக்கும் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு, நேரம் நிறைய. பெருங்கடவிளைச் சந்தையில் வாங்கிய மரச்சீனிக் கிழங்கை ஒரு மத்தியானம் நறுக்கிக்கொண்டு, காதில் இயர்போனோடு இருந்தேன். நம் பாட்டு வந்தது. இரண்டாவது சரணம் முடிந்தது.

டக் டக்.

கத்தியைப் போட்டுவிட்டு மறுபடி கேட்டேன். மறுபடியும் கேட்டேன். கிழங்கு அப்படியே கிடந்து கறுத்தது.

கீழே அந்த மனிதர் கேட்டிருந்தார், இந்த இரண்டு தட்டு என்ன, யாருக்காவது தெரியுமா என்று. பாடகியின் வளையல் என்று ஒருவர் எழுதியிருந்தார், நாற்காலிக் கால் என்று இன்னொருவர். ஒரு மேதாவி பேய் என்று எழுதியிருந்தான். பேயாம்! எங்கள் அண்ணன், ஐயா! முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு இந்தி இலக்கணம் சொல்லிக்கொடுத்த கை, அன்றைக்கு ஆண்பால் பெண்பால் எல்லாம் தப்புத் தப்பாக எழுதி அனுப்பியது.

ஆதாரம் உண்டா என்று அவர் மரியாதையாகக் கேட்டார். எனக்குச் சுரீரென்று வந்தது. அப்புறம்தான் உறைத்தது, அவராவது தன்மையாகக் கேட்டார், நான் அதையும் கேட்காமல் அல்லவா உங்கள் வாயை அடைத்தேன்.

சனிக்கிழமை நேரே பஜனை மடத்துக்குப் போனேன். அங்கே தட்டு இன்னும் உண்டு. இப்போது சுகுமாரன் ஆர்மோனியப் பெட்டியில் தட்டுகிறான். விஷயத்தைச் சொன்னதும் அவன் எழுந்தே நின்றுவிட்டான். "எக்கா, போனை இங்க வையுங்க. நல்லாத் தட்டித் தாறேன்" என்றான். அதைப் பதிவு செய்தேன். நீங்கள் மடத்தில் வாசித்த பழைய கேசட் ஒன்றும் அகப்பட்டது. இரண்டையும் அனுப்பினேன்.

நாக்பூர்க்காரர் அதைப் பம்பாயில் ஒரு கிழவரிடம் போட்டுக் காட்டினார். அந்தப் பாட்டுக்கு வயலின் வாசித்தவர், இப்போது படுக்கையில் இருக்கிறாராம். கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாராம். "அட, இது நம்ம டக்-டக்! தெற்கத்திப் பையன். பேர் எங்கள் வாயில் நுழையவில்லை. அன்றையிலிருந்து அவனை டக்-டக் என்றுதான் கூப்பிட்டோம்" என்றாராம்.

இந்தப் பட்டப்பெயரை ஏன் எங்களிடம் சொல்லவே இல்லை? சொல்லியிருப்பீர்கள், நாங்கள் சொல்ல விட்டால்தானே.

இப்போது அந்தப் பாட்டைத் திறந்தால் கீழே எழுதியிருக்கிறது: மாண்டலின், செல்லப்பன், பாறசாலை. நான் அதைத் தினமும் ஒரு தடவை போய்ப் படித்துவிட்டு வருகிறேன். போன சனிக்கிழமை மடத்து மைக்கில் அந்தப் பாட்டைப் போட்டோம். டக் டக் கேட்டதும் எழுந்த கைதட்டலில் பாட்டின் மிச்சம் காதில் விழவில்லை. உங்கள் கடையில் உட்கார்ந்து வெடி கேட்ட அதே பாஸ்கரன் என் பக்கத்தில் வந்து, "இனி ஞங்ஙள் ஆரெ களியாக்கும், சேச்சீ?" என்றான். இனி யாரைக் கேலி செய்வது என்று கவலை அவனுக்கு! கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கேட்டான். நான் அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன், ஆட்டோ வந்து நின்றும் ஏறவில்லை.

காஞ்சிரங்குளத்துச் சம்பந்திக்கு இன்னும் தெரியாது. "போனில் அனுப்பும்மா" என்றாள் மகள். மாட்டேன் என்றுவிட்டேன். போனில் அனுப்பித் தீர்க்கிற காரியமா இது?

வருகிற ஓணத்துக்கு எல்லாரும் அந்த வீட்டில் கூடுவார்கள். பரணில் இருந்து மாண்டலினை இறக்கி, நெய்யாற்றின்கரையில் கொடுத்துப் புதுக்கம்பி போட்டாயிற்று. அதை அந்த முன்னறையில், அன்றைக்கு நீங்கள் இருந்த நாற்காலியில் வைப்பேன். பாட்டைப் போடுவேன். இரண்டாவது சரணம் முடிவதற்குள், இவரை வாயை மூடச் சொன்னவள் நான், தப்பு என்னுடையது என்று அத்தனை பேர் முன்னால் சொல்வேன். அப்புறம் நீங்கள் தட்டுங்கள்.

"இனி சொல்லல்ல" என்று எனக்குக் கொடுத்த வாக்கைக் கடைசிவரை காப்பாற்றினீர்கள். இனிச் சொல்லுவேன், அண்ணா. போகிற இடமெல்லாம் சொல்லுவேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

டக்-டக்கின் தங்கச்சி,
தங்கம்