என் அளவுக்கே அமைந்த சுடிதார்

ஐப்பசி, வெள்ளி இரவு.

மஞ்சள் சுடிதாரைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டேன். அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து என் சம்பளத்துக்குப் புதுத்துணி கட்டுப்படியாகவில்லை. காளப்பநாயக்கன்பட்டி சந்தையில், பழைய துணிக் குவியலில்தான் எடுக்கிறேன். கடைக்காரர் எனக்கென்று தனியாக எடுத்து வைத்திருப்பார். எதையும் பிடித்துத் தைக்க வேண்டியதில்லை, எல்லாம் என் அளவு. ஆபீசில் நான்தான் ஸ்டைல் என்று பெயர்.

இன்று பஸ்ஸில், வளப்பூர் நாடு என்ற மலைக்கிராமத்தில் ஏறும் அம்மா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தினமும் பார்க்கும் முகம்தான், பேசியதில்லை. என் கையைத் தொட்டு, "கக்கத்துல நீல நூல்ல தெச்சிருக்குமே, பிரிஞ்சுடலியே கண்ணு?" என்றார்.

அந்தத் தையலை நான் யாருக்கும் காட்டியதில்லை.

"என்ற புள்ளையோடது. செத்துப்போயிட்டா. நீயும் அவ ஒசரந்தான். உன்னையப் பஸ்ஸுல பாத்தன்னிக்கே சந்தைக் கடைக்காரர்கிட்ட உனக்கே குடுக்கச் சொல்லிப்போட்டேன். ஒண்ணொண்ணாக் குடுத்துட்டிருக்கறேன்."

"திருப்பிக் கொடுத்துடட்டுங்களா?" என்றேன்.

"வேண்டாஞ் சாமி. நீ போட்டுட்டு வர்றதப் பாக்கத்தான் தெனமும் இந்த பஸ்ஸுல வாரேன்."

இறங்கும்போது என் துப்பட்டாவைச் சரிசெய்தார். "அவ கல்யாணத்துக்கு எடுத்த செகப்புப் பொடவை ஒண்ணுதான் பாக்கி. இந்தச் சந்தைக்குக் குடுத்துடறேன்."

நாளைக்குச் சந்தை. போகக் கூடாது என்றுதான் இருக்கிறேன். ஆனால் அந்தச் சிவப்புக்கு ரவிக்கையும் உண்டா என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.