அப்பா போட்ட கோடு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம் என்று தொடங்கத்தான் நினைத்தேன். அது பாதிதான் நிஜம். அம்மா இப்போது பிடிமானம் இல்லாமல் நடக்கிறாளா? இடுப்பு வலி குறைந்ததா? இந்தக் கடிதத்தை அவள் தூங்கும்போது படி. போனில் சொல்லலாம் என்றால், மணி அடித்ததுமே அப்பா என் தோளருகே வந்து நின்றுவிடுகிறார். பக்கத்து வீட்டம்மாவின் மகன் இன்று உன் ஊருக்குக் கிளம்புகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மா வழுக்கி விழுந்த குளியலறைத் தரையை அப்பா பெயர்த்துப் போட்டுவிட்டார். கால் வழுக்காத சொரசொரப்பான டைல்ஸ் வந்து இறங்கியாகிவிட்டது. அம்மா திரும்பி வருமுன் முடிக்க வேண்டும், ஆள் வைக்கக் கூடாது என்று ஒரே பிடிவாதம். வெட்டித் தர ஆள் அனுப்பட்டுமா என்று கேட்ட கடைக்காரரிடம், "இந்த ஊர் உடம்பையெல்லாம் அளந்து வெட்டினவன், நாலு சுவத்த அளக்க மாட்டேனா?" என்று சிரித்துவிட்டு, டைல்ஸ் வெட்டும் மெஷினை மட்டும் வாடகைக்கு எடுத்து வந்தார். தையல் கடையைப் பூட்டிவிட்டார்.

முழு டைல்ஸ் எல்லாம் ஒழுங்காகவே உட்கார்ந்தன. வம்பு சுவரோரத்துத் துண்டுகளில்தான். வீட்டுக்குப் பின்னால் பலகைமேல் வைத்து, துணியில் போடுவதுபோலவே சாக்கட்டியால் கோடு போட்டார். தூசி பறக்காமலிருக்க நான் தண்ணீர் விட்டதும் கோடு கரைந்து ஓடிவிட்டது. முதல் துண்டு ஒரு விரற்கடை பெரிதாக வந்தது. "பழக்கதோஷம், தையலுக்கு விட்டு வெட்டிட்டேன். துணின்னா உள்ள மடிச்சிடலாம், இத எங்க மடிக்கிறது?" என்றார். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மறுநாள் நானே மெழுகுப் பென்சிலால் தடித்த கறுப்புக் கோடு போட்டுக் கொடுத்தேன். தண்ணீரில் அது அழியவில்லை. ஆனால் மெஷின் அந்தக் கோட்டைத் தொடவே இல்லை, அக்கா. தன்பாட்டுக்கு விலகி, அவருடைய இடது கட்டைவிரலை நோக்கிப் போனது. நான் போட்ட கூச்சலில்தான் கையை எடுத்தார். "எதுக்குடி ஊரக் கூட்டுற? கோட்டு மேலதானே போறேன்" என்றார். கோடு எங்கே என்று என்னிடம் கேட்டிருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. காலையில் கடைக்குப் போகுமுன் எல்லா ஊசிகளிலும் என்னை நூல் கோக்கச் சொல்வார். நேரம் மிச்சம் என்பார். பக்கத்து வீட்டம்மா ரவிக்கையைத் திருப்பிக் கொண்டுவந்தபோது, "அவங்க பெருத்துட்டு என் மேல பழி போடுறாங்க" என்றார். பிறகு அம்மா மிதித்து வழுக்கிய அந்த சோப்பு. அம்மாவுக்கு முன்னால் குளித்தவர், கீழே கிடந்ததை எடுத்து வைக்காமல் வந்துவிட்டார் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து நீ கேட்டாய்: "கண்ணு எங்கப்பா இருந்துச்சு?" நானும் உன் பக்கம்தான் நின்றேன். அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளைத் தரையில் வெள்ளை சோப்பு, அக்கா. ஏன் ஆள் வைக்க மாட்டேன் என்கிறார் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

குழாயைச் சுற்றி வரும் ஒரு துண்டு மட்டும் பாக்கி. வளைத்து வெட்ட வேண்டும், இருப்பதிலேயே கஷ்டமானது. பழைய பிளேடு மழுங்கிவிட்டதால், இன்று காலை மெஷினில் மாட்டப் புது பிளேடைத் தேடினார். சிமெண்ட் தரையில் அதே சாம்பல் நிறத்தில், அவர் கால் பெருவிரலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. தரையைக் கையால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "சின்னவளே, பிளேடப் பாத்தியா?" என்றார். குனிந்து எடுத்தேன். முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, பார்க்கலையேப்பா என்று சொல்லிவிட்டேன். இப்போது அது என் அலமாரியில் அகராதிக்குப் பின்னால் இருக்கிறது. இன்றும் நாளையும் டைல்ஸ் கடை விடுமுறை. மறுநாள் வேறு வாங்கிவிடுவார்.

கண் டாக்டர் என்று நேராகச் சொன்னால் வர மாட்டார். "தையக்காரனுக்குக் கண்ணு தெரியலன்னு தண்டோரா போடு" என்பார். அதனால் கடிதம் கிடைத்ததும் போன் செய். அம்மாவுக்குப் பார்வை மங்கலாக இருக்கிறது, அப்பா வந்தால்தான் டாக்டரிடம் போவேன் என்கிறாள் என்று சொல். அவளுக்காக என்றால் உடனே கிளம்பிவிடுவார். போன இடத்தில் அவரையும் உட்கார வைத்துவிடு. குழாய்த் துண்டை நான் ஆள் வைத்து வெட்டிக்கொள்கிறேன்.

அவர் வந்ததும் வராததுமாக, ஆஸ்பத்திரியில் நீ கேட்டதைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். சாப்பிடும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள், போதும்.

தாமதிக்காதே அக்கா. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் வந்து பிளேடைக் கேட்டுவிட்டுப் போகிறார். பார்க்கவில்லை என்று அவரிடம் இன்னொரு தடவை சொல்ல என்னால் முடியாது.

உன் அன்புத் தங்கை,
சின்னவள்