மஞ்சள் ஸ்டூல்

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே உறையைத் திருப்பி அனுப்பிவிடாதே. அனுப்பினாலும் கேட்க எனக்கு வாயில்லை. நீ என் ஹாஸ்டலுக்கு எழுதிய இரண்டு கடிதங்களையும் பிரிக்காமலே திருப்பி அனுப்பியவள் நான். பதின்மூன்று வருடம் ஆகிவிட்டது. சுகமா என்று கேட்பதற்கே உன்னிடம் அனுமதி வாங்க வேண்டும் போலிருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். சுகமாக இருக்கிறாயா அக்கா?

உன் முகவரியை உன்னோடு படித்த தையல்காரியிடம் வாங்கினேன். லேசில் தரவில்லை. "இது உங்கம்மா காதுக்குப் போச்சுன்னா, இந்தக் கத்தரிக்கோலைப் பார்த்து வச்சுக்கோ" என்று மிரட்டிவிட்டுத்தான் கொடுத்தாள். உனக்கு அப்படி ஒருத்தி இருந்திருக்கிறாள் என்பதில் சந்தோஷம். அது நான் இருந்திருக்க வேண்டிய இடம்.

நான் இப்போது ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன். "அசையாதீங்க, மூச்சை அடக்குங்க, கூட வந்தவங்க வெளிய இருங்க" என்று நாள் முழுக்க அடுத்தவர்களை அதட்டுவதுதான் என் உத்தியோகம். அப்படிப்பட்டவளுக்கு இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தால் கை ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. நாலு தாள் கிழித்தாயிற்று.

கல்யாணமாகி எட்டு வருடம். அவர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் வெளியூர். ஒரே பெண், ஆறு வயது. உன்னைப் போலவே இடது கைக்காரி, வயதுக்கு மீறிய நெட்டை. பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாதான் அவளைக் கூட்டிப்போய் நான் வேலை முடித்து வரும்வரை வைத்துக்கொள்வாள். அண்ணனும் அதே வீட்டில்தான் இருக்கிறான். நாற்பது தாண்டியும் அதே துரைதான். தட்டு அவன் முன்னால் வர வேண்டும், அவன் எழுந்ததும் தானாகப் போக வேண்டும். அந்த வீட்டில் என் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டது நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பிற்பகல், தட்டில் கிடந்த அடுத்த சீட்டை எடுத்தேன். அதில் என் பெண்ணின் பெயர். யாரோ அதே பெயர்க்காரி என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்து உரக்கக் கூப்பிட்டேன். பெஞ்சிலிருந்து எழுந்து வந்தது அவளேதான். சீருடை கசங்கி, இடது கையைத் துண்டால் கழுத்தோடு கட்டி, கண்ணெல்லாம் வீங்கி. அவளுக்குப் பின்னால் அம்மா.

"ஒண்ணுமில்ல, பதறாத. ஸ்டூல்ல ஏறி விழுந்துட்டா" என்றாள் அம்மா.

அக்கா, இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதி வந்தது. அட, ஸ்டூல்தானே என்று நினைத்தேன். நம் வீட்டில்தான் ஸ்டூலிலிருந்து விழுவது வழக்கமாயிற்றே.

அம்மாவும் உள்ளே வரப் பார்த்தாள். குழந்தை பயப்படுவாள், நான் கூடவே நிற்கிறேன் என்றாள். யாராக இருந்தாலும் வெளியேதான் என்று வழக்கம்போலச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரியும்போது யாரும் உள்ளே வர முடியாது. உள்ளே நானும் அவளும் மட்டும்தான். கையைப் பலகைமேல் வைக்கும்போது, வலியை மறக்கட்டுமே என்று பேச்சுக் கொடுத்தேன். எந்த ஸ்டூல்டா கண்ணு என்று கேட்டேன்.

"மஞ்ச ஸ்டூலும்மா. ஒரு கால் ஆடுமே, அது" என்றாள்.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. உனக்கும் இந்த இடத்தில் அடைக்கும் என்று தெரியும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்று பொத்தானை அழுத்தினேன். திரையில் படம் வந்தது. விழுந்து வரும் பிள்ளைகளை எட்டு வருடமாகப் பார்க்கிறேன். கையை ஊன்றி விழுவார்கள், மணிக்கட்டிலோ முழங்கைக்குப் பக்கத்திலோதான் பெரும்பாலும் போகும். இது தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், துணியைப் பிழிந்தாற்போல எலும்பைச் சுற்றிச்சுற்றி ஓடிய கோடு. யாராவது பிடித்துத் திருகினால்தான் அப்படி உடையும். அந்த மாதிரிப் படத்தை இதற்கு முன் இரண்டு முறைதான் எடுத்திருக்கிறேன். இரண்டு முறையும் அந்த வீட்டாரை மனசுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். சொன்னாள். மாமா தூங்கும்போது இவள் பாட்டுப் பாடினாளாம். நிறுத்தச் சொன்னாராம். மறந்துபோய் மறுபடியும் பாடிவிட்டாளாம். அப்புறம் சொன்னாள், "மாமா கை பட்டுடுச்சும்மா. ஸ்டூல்னு சொன்னா நீ அழமாட்டேன்னு பாட்டி சொன்னாங்க. நீ அழாதம்மா."

கை பட்டுடுச்சு. இந்தப் பேச்சை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நானில்லை. அண்ணன் நம்மை அடித்தான் என்று அம்மா ஒரு நாளாவது சொல்லியிருக்கிறாளா? எப்போதும் அவன் கை "பட்டுவிடும்". கண்ணாடி தானாக உடையும், சோற்றுத்தட்டு தானாகப் பறக்கும், அவன் கை தானாகப் படும். அவனுக்கு அந்தக் கையோடு சம்பந்தமே இருக்காது.

சாயந்திரம், மாவுக்கட்டுப் போட்டு அவளைப் பக்கத்து வீட்டம்மாவிடம் விட்டுவிட்டு, புத்தகப்பையை எடுக்க அம்மா வீட்டுக்குப் போனேன். உண்மையில் ஸ்டூலைத் தேடித்தான் போனேன். அண்ணன் வெளியே போயிருந்தான். சமையலறை, கட்டிலுக்கடி, மாடிப்படிக்குக் கீழே, எல்லா இடமும் பார்த்தேன். மூன்று இரும்பு நாற்காலியும் ஒரு மரப் பெஞ்சும் இருந்தன. அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஸ்டூல் எங்கே என்று கேட்டேன்.

"எந்த ஸ்டூல்?" என்றாள்.

நடிப்பில்லை அக்கா. நிமிர்ந்துகூடப் பார்க்காமல், துண்டின் நான்கு மூலையையும் ஒழுங்காகச் சேர்த்துக்கொண்டே கேட்டாள். மத்தியானம் சொன்னது சாயந்திரம் அவளுக்கே நினைவில்லை.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் எனக்கு அந்த ஸ்டூல் நன்றாக நினைவிருக்கிறது. அதன் மஞ்சள் பெயின்ட், உரிந்த ஓரம், ஆடும் கால், எல்லாம். எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பதினாறு. உன் கை தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் உன்னைக் கேட்டார், நீ வாயைத் திறக்கவில்லை. அம்மா என்னை முன்னால் தள்ளி, "சின்னக் குழந்தை பொய் சொல்லாது டாக்டர், நீ சொல்லும்மா" என்றாள். நான் சொன்னேன். மஞ்சள் ஸ்டூல், ஒரு கால் ஆடும், அக்கா ஏறி விழுந்துட்டா. ஒரு வார்த்தை பிசகவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அம்மா எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தாள். நீ என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாய்.

எத்தனைக்கெத்தனை சொன்னேனோ, அத்தனைக்கத்தனை அந்த ஸ்டூல் எனக்குள் கெட்டியாகிவிட்டது. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்று அவன் உன் கையை உடைத்ததைச் சொல்லி அழுதபோது, ஸ்டூல்ல விழுந்தவ இப்ப மாத்திப் பேசறா என்று சொந்தக்காரர்களிடம் அடித்துப் பேசியவளும் நான்தான். பொய் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்லவில்லை அக்கா. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. நம் வீட்டில் அப்படி ஒரு ஸ்டூல் ஒரு நாளும் இருந்ததில்லை. அது போனதும், இத்தனை வருடம் அது மறைத்திருந்தது எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது.

இதுவரை வியாழக்கிழமை எழுதினேன். இன்று திங்கள்.

செவ்வாய்க்கிழமையே எலும்பு டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். எப்படி அடிபட்டது என்ற இடத்தில் "கையைத் திருகியதால்" என்று அவர் எழுதினார். மறுநாள் பெண் போலீஸ் ஒருவர் வந்து குழந்தையிடம் பதமாகப் பேசிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரரும் லாரியை எங்கேயோ நிறுத்திவிட்டு ஓடி வந்தார். வந்த கையோடு வாசல் பூட்டை மாற்றினார். அம்மாவிடம் ஒரு சாவி இருந்தது, அதனால்தான். என்னையும் குழந்தையின் அப்பாவையும் தவிர யார் வந்தாலும் அவளை அனுப்பக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்தேன். நல்லவேளை. வெள்ளிக்கிழமையே அம்மா அங்கே போய் நின்றிருக்கிறாள்.

அதோடு விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து, காத்திருக்கிறவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, பெற்ற மகள் கூடப்பிறந்தவனை ஜெயிலுக்கு அனுப்பப் பார்க்கிறாள் என்று கால் உடைந்தவர், முதுகு பிடித்தவர் எல்லாரிடமும் கதை சொன்னாள். நான் வெளியே வந்ததும் என் காதருகே மெல்லச் சொன்னாள்: "அன்னைக்கு உங்கக்கா விழுந்தான்னு சொன்னவளும் நீதான். இன்னைக்கு உன் பொண்ணு விழலைன்னு சொல்றவளும் நீதான். எதை நம்புவாங்க?"

அதைச் சொல்லும்போது என் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். அந்த விரல் பட்ட இடம் இன்னும் சில்லென்றிருக்கிறது. ஆக, அவளுக்கு எல்லாம் தெரியும். அன்றைக்கும் தெரியும். அவள் எதையும் மறக்கவில்லை, ஸ்டூலைத் தவிர.

நேற்று அம்மாவும் அண்ணனும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் பால் வாங்கப் போயிருந்தார். அண்ணன் கையில் பெரிய கரடி பொம்மை. ஜன்னல் வழியாகப் பேசினேன். "விளையாட்டுக்குப் பிடிச்சேன், பெரிசு பண்ணாத, கதவைத் திற" என்றான். அவன் குரல் கேட்டதும் என் கை தானாகப் போய்க் காதைப் பொத்திக்கொண்டது. முப்பத்திரண்டு வயதுக்காரி நான். சின்ன வயதில் அவன் திருகும் காது. திறக்க மாட்டேன் என்றேன். கதவை ஓங்கி ஒரு குத்து விட்டான். மேசைக்கடியில் ஒளிந்திருந்த என் பெண் அங்கிருந்தே எனக்கு ஆறுதல் சொல்கிறாள், "ஒண்ணுமில்லம்மா, கதவுல மாமா கை பட்டுடுச்சு."

அப்போதுதான் எனக்குள் ஏதோ அறுந்தது. அழுகை நின்றுவிட்டது. எக்ஸ்ரே அறை வாசலில் பேசும் குரல் எங்கிருந்தோ வந்தது. அம்மாவைப் பார்த்து, "நீங்க வெளிய இருங்க. உள்ள வரக் கூடாது. அவரைக் கூட்டிட்டுக் கிளம்புங்க. பாக்கணும்னா நானே கூப்பிடுவேன், அதுவரைக்கும் இந்த வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வராதீங்க" என்றேன்.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அவளை உலுக்கியது போலீஸ் இல்லை, பூட்டு இல்லை. "என்னடி, யாரோ மாதிரி 'ங்க' போட்டுப் பேசற?" என்றாள். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்றவள் நான். மரியாதை கொடுத்தால் இவ்வளவு தூரம் தள்ளி நிறுத்தலாம் என்று எனக்கே தெரியாது. "ஆமாங்க" என்றேன். போய்விட்டார்கள். பொம்மை மட்டும் வாசலில் கிடந்தது. பால் வாங்கி வந்தவர் அதை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார்.

நான் பயங்கர தைரியசாலி ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ராத்திரி இரண்டு தடவை எழுந்து பூட்டை இழுத்துப் பார்த்தேன். அம்மா இருமலோடு போனாளே, மாத்திரை போட்டாளா என்ற யோசனையும் கூடவே வருகிறது. வரட்டும், அதற்காகக் கதவைத் திறக்கப்போவதில்லை.

அம்மா இனி உன்னைத் தேடுவாள். என்னை வழிக்குக் கொண்டுவர உன்னிடம் அழுவாள், இல்லாவிட்டால் உன்னைப் பேசவிடாமல் செய்யப் பார்ப்பாள். என்னிடமிருந்து உன் முகவரி போகாது. இந்த உறையில் எழுதியதும் தையல்காரி தந்த சீட்டைக் கிழித்துவிடுவேன், மனப்பாடம் ஆகிவிட்டது.

வந்து சாட்சி சொல்லு என்று கேட்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. அவன் முன்பும் இப்படிச் செய்ததை வேறு யாராவது சொன்னால் வழக்குக்குப் பலம் என்று பெண் போலீஸ் சொன்னார். சொன்னதை உன்னிடம் மறைக்காமல் எழுதிவிட்டேன், அவ்வளவுதான். நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் நான் இதிலிருந்து பின்வாங்க மாட்டேன். உன் அமைதியைக் கெடுத்துக்கொள்ளாதே.

கேட்பதற்குப் பதிலாக ஒன்று தருகிறேன். இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். டாக்டரம்மா முன்னிலையில் எழுதிக் கையெழுத்துப் போட்டது. அது உன்னுடையது. யாரிடம் காட்டினாலும் சரி, கிழித்துப் போட்டாலும் சரி. அதில் நாலே வரிதான்:

என் அக்கா ஸ்டூலிலிருந்து விழவில்லை. அந்த வீட்டில் ஸ்டூல் இல்லை. எங்கள் அண்ணன் அவள் கையைத் திருகி உடைத்தான். நான் வாசற்படியில் பள்ளிக்கூடப் பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

குளிர் நாளில் அந்தக் கை இன்னும் வலிக்கிறதா அக்கா? மாவுக்கட்டுப் பிரித்த பிறகு என் பெண்ணுக்கும் வலிக்குமா? அதை மட்டுமாவது, முடிந்தால், ஒரு வரி எழுது. எங்கிருந்தாலும் உன் கதவு உன் இஷ்டப்படி திறக்கட்டும், உன் இஷ்டப்படி சாத்தட்டும்.

இருபத்து மூன்று வருடம் தாமதமாக உண்மை சொல்லும்,
உன் தங்கை
வாலு